நேற்றைய தேதி

1974-ஆம் வருஷம் ஒரு திங்கட்கிழமை, சர்க்கார் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்குச் சேர எலிசபெத் திருப்பதிக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்தாள். சித்தூரை அடுத்த ஒரு சின்ன ஸ்டேஷனில் ஏறியிருந்தாள். பாகாலா தாண்டியதும் வந்த டிக்கெட் பரிசோதகர் அவளுடைய அட்டை டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது நேத்து டிக்கெட். திருப்பதியில இறங்கி மேஜிஸ்ட்ரேட்டுகிட்ட பதில் சொல்லு."

"இன்னிக்குக் காலையிலதான் சார் வாங்கினேன்."

அவர் நம்பவில்லை. வழக்கு என்று வந்தால் வேலை போய்விடுமே என்று எலிசபெத்துக்கு அழுகை வந்துவிட்டது.

எதிரே வெற்றிலைக் கூடையோடு ஓர் அம்மாள் இருந்தாள். அவளுடைய டிக்கெட்டை அவர் சற்றுமுன் தேதி பார்க்காமலே துளையிட்டுக் கொடுத்திருந்தார். அதை அவள் மறுபடியும் நீட்டினாள்.

"என்துலயும் தேதியப் பாரு நைனா. இந்தப் பொண்ணு பின்னால நின்னு இன்னிக்குத்தான் வாங்கினேன்."

அதிலும் நேற்றைய தேதிதான். எண் எலிசபெத்தினுடையதற்கு அடுத்தது. சந்திரகிரியில் வண்டி நின்றதும் பரிசோதகர் இறங்கிப் போய், அவர்கள் ஏறிய ஸ்டேஷனில் போன் போட்டு விசாரித்துவிட்டு வந்தார்.

"காலையில முத்திரையில தேதி மாத்த மறந்துட்டாங்களாம். மன்னிச்சுக்கம்மா."

எலிசபெத் அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்களையும் பிடிச்சிருப்பாங்களேம்மா?"

"பிடிச்சா ரெண்டு பேருமா போயிருப்போம். நீ அழுதுக்கினு கீற, நான் எப்படிச் சும்மா குந்திக்கினு இருக்கறது?"

அவள் பெயர் கிருஷ்ணம்மா. பதினோரு மணிக்கு வேலையில் சேர்ந்த எலிசபெத்தின் ஜெபத்தில், அன்றிலிருந்து வீட்டார் பெயர்களோடு அந்தப் பெயரும் சேர்ந்துகொண்டது.