பின்கழுத்து மச்சம்

முடி வெட்டியதும் சலூன்காரர் தலைக்குப் பின்னால் கண்ணாடி பிடிப்பார். தனியாக வாழும் தையல்காரர் பார்க்காமலே தலையாட்டுவார். இன்று சலூன்காரர் விடவில்லை.

"நல்லா பாருங்கண்ணே. இந்த மச்சம் போன மாசம் மிளகளவு. இப்ப பட்டாணி, ஓரமும் கோணல். தோல் டாக்டர்கிட்ட காட்டுங்க. வீட்டுல யாரும் சொல்லலையா?"

"காலர் உரசியிருக்கும்ப்பா," என்றார் தையல்காரர்.

மறுநாள் தோல் மருத்துவர் மச்சத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தார். "வெட்டியெடுத்து சோதிக்கணும். வியாழக்கிழமை துணைக்கு யாரையாவது கூட்டிட்டு வாங்க."

தையல்காரர் அங்கிருந்து நேரே சலூனுக்குப் போய் உட்கார்ந்தார்.

"நேத்துதானேண்ணே வெட்டுனீங்க?"

"ஷேவிங்."

காலையில்தான் மழித்திருந்த கன்னத்தில் சலூன்காரர் நுரை தடவினார்.

"வியாழக்கிழமை கடை உண்டாப்பா?"

"உண்டுண்ணே. ஏன்?"

"சும்மாதான்," என்று தையல்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.