மூன்றாவதாகக் குதித்தவள்

"தண்ணிக்குள்ள வேர்க்குமா அக்கா?" என்று ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி ஒருநாள் என்னிடம் கேட்டாள். எங்கள் நாட்டுத் தலைநகர் பிஷ்கெக்கில் நான் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கும் குளம் அது. "வேர்க்கும். யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான்" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே குதித்துவிட்டாள். எனக்குத்தான் தாஷ்கெண்ட் ஞாபகம் வந்தது.

அப்போது எனக்கு இருபத்தொரு வயது. மூன்று வருடமாகப் புடாபெஸ்டில் பயிற்சி. எங்கள் நாட்டுப் பெண்கள் அணியில் வெளிநாட்டில் பயிற்சி பெற்று வந்து சேர்ந்தவள் நான் ஒருத்திதான். தாஷ்கெண்டில் நால்வர் தொடர் நீச்சல் போட்டி. முன்னால் நீந்துகிறவளின் கை சுவரைத் தொட்ட பிறகுதான் அடுத்தவளின் கால் மேடையை விடலாம். கண்ணிமைக்கும் நேரம் முந்தினாலும் நால்வருக்கும் தகுதி போய்விடும்.

இரண்டாவதாக ஜாங்கில், மூன்றாவதாக நான். ஜாங்கில் டோக்மோக் என்ற சின்ன ஊரில் ஒரு பள்ளிக் குளத்தில் நீந்திப் பழகியவள். போட்டிக்கு முதல் நாள் என்னைத் தேடி வந்தாள்.

"சைகல், நான் தொட, நீ குதிக்க, ஒரு பத்துத் தடவை சேர்ந்து பாத்துக்கலாமா? கடைசியில நான் கையை வீசாம மிதந்துதான் வருவேன். உனக்குப் பழக்கம் இருக்காது."

"நீ வந்து சேர்றவரைக்கும் நிக்கணும், அவ்வளவுதானே? நிக்கிறதுக்கு என்னடி பயிற்சி?"

மற்ற இருவரும் சிரித்தார்கள். ஜாங்கிலும் சிரித்தாள். நான் தூங்கப் போய்விட்டேன்.

மறுநாள் அவள் சொன்னபடியே மிதந்து வந்தாள். நான் புடாபெஸ்ட் பழக்கத்தில், கடைசி வீச்சு வருமென்று கணக்கிட்டுப் பாய்ந்தேன். காற்றில் இருக்கும்போதே பார்த்தேன்: அவள் விரலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் தண்ணீர்.

நாங்கள் இரண்டாவதாக முடித்தோம். கட்டிப்பிடித்துக் கத்தினோம். அப்புறம் முடிவுப் பலகையில் எங்கள் நாட்டின் பெயர் கீழே இறங்கி, தகுதி நீக்கம் என்று வந்தது. கால் மேடையை விடும் நேரத்தைக் குறிக்கும் கருவிகள் அன்று வேலை செய்யவில்லை. இரண்டு நடுவர்கள் கண்ணால் பார்த்துச் சீட்டு எழுதியிருந்தார்கள்.

அணி மேலாளர் தலாய்பெக் அண்ணன் என்னைத்தான் அனுப்பினார். "நீதாம்மா இங்கிலீஷ் பேசுவ. யாரு முந்தினதுன்னு கேட்டுட்டு வா." தலைமை நடுவர் மலேசியாக்காரர், அவரிடம் எங்கள் ரஷ்ய மொழி செல்லாது. அவர் இரண்டு சீட்டையும் காட்டினார். இரண்டிலும் மூன்று என்ற எண். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வருந்தாதே மகளே, எல்லாருக்கும் நடப்பதுதான்" என்றார்.

திரும்பி வந்தேன். இருபது அடி தூரம் இருக்கும்.

"யாருன்னு சொல்ல மாட்டேங்கறாங்கண்ணே. யாரோ முந்திட்டாங்களாம்."

"வேற யாரு?" அவர் ஜாங்கில் பக்கம் திரும்பினார். "பயிற்சியிலயே உனக்குக் கால் நிக்காது. புடாபெஸ்ட் போக ஒரு இடம் கிடைச்சுது, உனக்குன்னு எழுதி வெச்சிருந்தேன். ஊருக்குப் போனதும் முதல் வேலையா உன் பேரை அடிக்கிறேன்."

ஜாங்கில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் குனிந்து நீச்சல் கண்ணாடியைத் துடைத்தேன். அது ஏற்கெனவே காய்ந்திருந்தது.

சாயங்காலம் நான் சாப்பிடப் போகவில்லை. ஜாங்கில் என் அறைக்கு வந்தாள். கையில் பச்சைத் தேநீர், துண்டில் சுற்றிய ரொட்டி.

"சாப்பிடு. பட்டினி கிடந்தா பலகையில பேரு மேல ஏறிடுமா?" பக்கத்தில் உட்கார்ந்தாள். "மன்னிச்சுக்க சைகல். நீ எவ்வளவு தூரத்துல இருந்து வந்த. யோசிச்சுப் பாத்தேன், மேடையில கால் வழுக்கின மாதிரிதான் இருந்துச்சு. நான்தான்."

"அப்படியா தோணுது?"

"ஆமா. இப்போ நல்லா ஞாபகம் வருது."

நடக்காத தவறு அவளுக்கு ஞாபகம் வரத் தொடங்கியிருந்தது. பொய் சொன்னபோதுகூட வராத பயம் எனக்கு அப்போதுதான் வந்தது. அவளிடமிருந்து நான் எடுத்தது ஓர் இடத்தை மட்டுமல்ல. அவள் தன்மேல் வைத்திருந்த நம்பிக்கையையும் எடுத்துவிட்டேன். அவள் ரொட்டியைப் பிய்த்துத் தந்தாள். வாயில் போட்டுக்கொண்டு, சொல்ல வேண்டியதையும் சேர்த்து விழுங்கினேன்.

விடியற்காலைத் தொழுகைக்கு எழுந்தேன். நெற்றியைத் தரையில் வைத்தேன். கேட்க ஒன்றும் வரவில்லை. இறைவனுக்குத் தெரிந்ததையே அவனிடம் மறைத்துக்கொண்டு எதைக் கேட்பது?

எழுந்து மேசையில் உட்கார்ந்து எழுதினேன்.

"தலாய்பெக் அண்ணே, முந்தினது நான். நடுவர் ரெண்டு சீட்டையும் காட்டினார். மூணுன்னு இருந்துச்சு. உங்ககிட்ட பொய் சொன்னேன். முதல் நாள் ஜாங்கில் பயிற்சிக்குக் கூப்பிட்டா, நான் போகலை. அவ பேரை அடிக்காதீங்க. புடாபெஸ்ட்ல செலவைக் குறைக்கணும்னா என் அறையிலயே தங்கட்டும். இதை ஊருக்குப் போற பஸ்ஸுல எல்லாருக்கும் கேக்கிற மாதிரி படிங்க. அவளுக்குக் கேக்கணும். சைகல்."

நடைவழியில் யாரும் இல்லை. அவர் அறைக் கதவின் அடியில் தாளைத் தள்ளினேன். உள்ளே இருந்த விரிப்பில் தட்டிப் பாதியில் நின்றது. இப்போதுகூட இழுத்துக்கொள்ளலாம் என்று கை சொன்னது. மண்டியிட்டு, ஒரு விரலால் கடைசி ஓரம் வரை தள்ளினேன். அது உள்ளே போய்விட்டது.

பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு முதல் ஆளாக இறங்கிப் போனேன்.