சிவப்புச் சதுரம்

1984இல் கோலாலம்பூர் ஓவியக் கல்லூரி ஒன்றில் வரைகலை படித்துக்கொண்டிருந்தேன். மூன்று வாரத்தில் முடிக்கிற மாதிரி ஒரு பயிற்சி கொடுத்தார்கள். எழுத்தே இல்லாமல் ஓர் எச்சரிக்கைப் பலகை செய்ய வேண்டும். ஏன் அப்படிச் செய்தோம் என்று ஒரு பக்கம் எழுத வேண்டும். மற்றவர்கள் லிஃப்டுக்கும் நீச்சல் குளத்துக்கும் செய்தார்கள். நான் கேமரன் மலையில் எங்கள் எஸ்டேட்டுக்குச் செய்தேன். மருந்தடித்த தேயிலைக்குள் ஐந்து நாளைக்கு யாரும் இறங்கக் கூடாது. கொழுந்து பறிக்கும் பெண்களில் பாதிப் பேருக்கு எழுத்துத் தெரியாது. என் அம்மா செல்லத்துக்கும் தெரியாது.

முதலில் மண்டையோடு வரைந்தேன். எலி மருந்து டப்பாவில் பார்த்துச் சலித்தது என்றார் விரிவுரையாளர் ரொஹானா. அடுத்து, கொழுந்து கிள்ளும் கை, அதன் குறுக்கே ஒரு கோடு. பனியில் கை யாருக்குத் தெரியும் என்று கேட்டார். ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே வந்தேன். கடைசியில் ஒரு கம்பும் அதன் உச்சியில் ஒரு சிவப்புச் சதுரமும்தான் மிஞ்சின. 'சிவப்பு என்றால் ஆபத்து. இதை யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை' என்று அந்த ஒரு பக்கத்தில் எழுதினேன். வகுப்பிலேயே எனக்குத்தான் அதிக மதிப்பெண். தலைகால் புரியாமல் திரிந்தேன்.

விடுமுறையில் பலகையோடு ஊருக்குப் போனேன். எஸ்டேட்டை நடத்தும் துரை ஒரு வாரம் வைத்துப் பார்க்கச் சம்மதித்தார். ஆண்கள் மருந்தடித்து முடித்த பதினோராம் நம்பர் மலையில், சனிக்கிழமை பிற்பகல் நானே கம்பை ஊன்றினேன். பார்ப்பவர்களுக்கு முன்கூட்டி விளக்கம் சொல்லக் கூடாது என்பது பயிற்சியின் விதி. அம்மாவிடம்கூட வாயைத் திறக்கவில்லை.

எங்கள் எஸ்டேட்டில் தினமும் காலையில், அன்றைக்குப் பறிக்க வேண்டிய நிரையின் தொடக்கத்தில், வேலை வாங்கும் கங்காணி சின்னையா ஒரு குச்சியில் சிவப்புத் துணி கட்டி வைப்பார். பெண்கள் அதைப் பார்த்துத்தான் உள்ளே இறங்குவார்கள். பதினெட்டு வருஷம் அந்தத் துணியைப் பார்த்து வளர்ந்தவள் நான். மூன்று வாரம் சிவப்பைப் பற்றியே யோசித்தும், ஒரு தடவைகூட அது என் ஞாபகத்துக்கு வரவில்லை. இப்போதும் எனக்கு என் மேல் கோபம்தான்.

திங்கட்கிழமை காலை கடும் பனி. பக்கத்து மலையில் கட்டியிருந்த சின்னையாவின் துணி யார் கண்ணிலும் படவில்லை. என் சதுரம் பட்டது. அந்த விஷயத்தில் பலகை நன்றாகவே வேலை செய்தது. ஏழு பேர் இறங்கிவிட்டார்கள். சின்னையா தேடிக்கொண்டு ஓடி வருவதற்குள் அரை மணி நேரம் பறித்தாயிற்று.

ஆறு பேருக்குக் கை அரிப்போடு போயிற்று. அம்மாவுக்கு இரண்டு கண்ணும் வீங்கிவிட்டன. எஸ்டேட் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள்.

"பார்வைக்கு ஒன்னும் ஆகாது லா. ரெண்டு நாள்ல கட்டப் பிரிச்சிடலாம்" என்றார் மருந்து போடும் பழனியப்பன்.

அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு அழுகை வந்தது.

"அந்தப் போர்டு உள்ள போகாதேன்னு சொல்றதுக்கும்மா. நான்தான் வச்சேன்."

"நீ வச்சதுன்னு தெரியும். சனிக்கிழம நீ தூக்கிட்டுப் போனத லைன் வீட்டுலருந்து பார்த்தேனே" என்றாள் அம்மா. கட்டுப் போட்ட முகத்தை என் பக்கம் திருப்பினாள். "கங்காணி துணிதான் கிழிஞ்சு வெளுத்துக் கெடக்கே. எம்மக நமக்குப் புதுசா செஞ்சு குடுத்திருக்கான்னு சொல்லி, நான்தான் எல்லாரையும் கூட்டிக்கிட்டு முன்னால போனேன்."