பாதம் வரை

வரிசை புத்தரின் காதோரம் வந்து நின்றுவிட்டது. லெஷானில் அப்படித்தான். மலைப்பாறையிலேயே செதுக்கிய பிரம்மாண்டச் சிலை; மலையுச்சியில் அவர் தலை, அடியில் ஆற்றங்கரையில் பாதம். நடுவில் பாறையைக் குடைந்த குறுகலான படிகள். இறங்கத் தொடங்கிவிட்டால் பாதிவழியில் திரும்ப முடியாது. யான்லிங் கம்பியில் சாய்ந்துகொண்டாள். காலையில் செங்டூவில் ரயில் ஏறும்போதே முழங்கால் வலித்தது. பக்கத்தில் அவள் புருஷன் ஜியான்போ சட்டைக்காலரால் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

முன்னால் நின்ற பருத்த பெண் அந்தப் பெரிய காதைக் காட்டினாள். "பாத்தீங்களா? இவரும் நம்ம ஊர்ப்பக்கத்து ஆம்பளைங்க மாதிரிதான். பொண்டாட்டி சொல்றதைக் கேட்டுக் கேட்டே காது தொங்கிப்போச்சு!"

வரிசை சிரித்தது. அவள் ஜியான்போ பக்கம் திரும்பினாள். "அண்ணே, உங்க காது எப்படி?"

"நான் டவுன் பஸ் ஓட்டுறேன்க்கா. காது போயே போச்சு. அது தெரிஞ்சுதான் இவ என்கிட்டப் பேசுறதை நிறுத்தி மூணு வருஷமாச்சு."

எல்லோரும் இன்னும் பலமாகச் சிரித்தார்கள். யான்லிங்கும் கொஞ்சம் சிரித்தாள். அவன் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை.

இன்னும் பத்துப் பதினைந்து நாளில் மகன் ஹாவ்ரனுக்குக் கல்லூரி நுழைவுத் தேர்வு. படிக்காமல் இருந்துவிட்டுக் கடைசி நேரத்தில் புத்தரின் காலைப் பிடிக்கிறான் என்று பிள்ளைகளைக் கேலி செய்வார்கள். கேலி செய்கிற பெற்றோரே மே மாதக் கடைசியில் ரயிலேறி இங்கே வந்து நிற்பார்கள். இவர்களும் வந்தார்கள். இருவரும் சேர்ந்து செய்ய இது ஒன்றுதான் மிச்சமிருந்தது.

தேர்வு முடிந்ததும் பிரிந்துவிடுவது என்று எப்போதோ பேசி முடித்தாயிற்று. சண்டை கிடையாது, இன்னொருத்தி கிடையாது. களைத்துப்போய்விட்டார்கள், அவ்வளவுதான். பையன் படிப்பு கெடக்கூடாது என்று அதுவரை ஒரே வீடு. ஜியான்போ கூடத்து சோபாவில் படுப்பான். விடியுமுன் எழுந்து, மகன் கண்ணில் படாமல் போர்வையை எடுத்து வைத்துவிடுவான். தினமும் சுவருக்கு அந்தப்பக்கம் போர்வை ஒருமுறை உதறப்படும் சத்தம் கேட்டுத்தான் யான்லிங்குக்கு விழிப்பு வரும். அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்குப் பின்தெருவில் ஓர் அறை பார்த்து வைத்திருந்தாள். கிழக்கே ஜன்னல், ஒரே ஓர் அடுப்பு. ராத்திரிகளில் மனதுக்குள்ளேயே அந்த அறையில் கட்டிலை இங்கும் அங்கும் மாற்றிப் போட்டுப் பார்ப்பாள்.

போன வாரம் வகுப்பாசிரியை கூப்பிட்டிருந்தார். மாதிரித் தேர்வில் மதிப்பெண் சரிந்திருந்தது. "இன்னொரு வருஷம் படிக்க வைக்கிறதா இருந்தா, இப்பவே யோசிச்சு வைங்க."

இன்னொரு வருஷம். ஒவ்வொரு படியிலும் அந்தச் சொல் முழங்காலில் இடித்தது. முன்னால் இறங்கிய ஜியான்போ, திரும்பிப் பார்க்காமலே வெந்நீர்க் குடுவையைப் பின்னால் நீட்டினான். "ஹாவ்ரன் அம்மா, குடி." அவர்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டே பல காலமாகிவிட்டது.

அடிவாரத்தில் ஆற்றின் இரைச்சல் காதை அடைத்தது. பாதத்தைத் தொட முடியாதபடி கம்பி போட்டிருந்தார்கள். கட்டைவிரல் நகத்தின் மேல் ஒரு குடும்பமே உட்கார்ந்து சாப்பிடலாம். தாய்மார்கள் கம்பிக்கு மேல் கைகளை நீட்டிக் காற்றைக் கட்டிப்பிடித்தார்கள். காவலாளி ஒலிபெருக்கியில் கத்தினான்: "நகருங்க, நகருங்க! வேண்டுனவங்க மேல ஏறுங்க! எல்லார் புள்ளையும் பாஸாகணும்ல!"

யான்லிங் கண்ணை மூடினாள். பாஸாகணும் என்று சொல்ல வாய் திறந்தாள். உடனே அந்த அறை வந்தது, அந்த ஜன்னல் வந்தது. யாருக்காகக் கேட்கிறோம் என்று கூசியது. மகனுக்காகவா, கட்டிலுக்காகவா? கேட்காமல் போய்விட்டால்? அவன் தோற்றால் அதற்குத் தானே காரணம் ஆகிவிட மாட்டோமா? முதுகில் யாரோ இடித்தார்கள். "அவன் ராத்திரி நல்லாத் தூங்கட்டும்" என்று மட்டும் அவசரமாகச் சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

மேலேறும் படியில் கேட்டாள். "என்ன வேண்டிக்கிட்ட?"

"பாஸாகணும்னுதான். வேறென்ன கேக்கறது? நீ?"

"அதேதான்."

இன்னும் ஒரு திருப்பம் ஏறினார்கள். அவன் நின்று, இடுப்பில் கைவைத்து மூச்சுவாங்கினான். "சாமி இடத்துல பொய் எதுக்கு? நான் ஒண்ணும் கேக்கல. கேக்கலாம்னு நின்னேன். வார்த்தை வரல."

அவள் கம்பியைப் பிடித்து அடுத்த படியில் காலை வைத்தாள். பக்கத்தில் செம்பாறையிலிருந்து நீர் கசிந்துகொண்டிருந்தது.

ரயிலில் உட்கார்ந்ததும் அவள் போனில் ஹாவ்ரனின் செய்தி வந்தது. 'காலைப் பிடிச்சாச்சா? கால் பத்தலன்னா அடுத்த வருஷம் காதைப் பிடிச்சிக்கலாம் மா.' அவள் போனை ஜியான்போ பக்கம் நீட்டினாள். படித்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது. பிறகு இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்திக்கொண்டார்கள். அவள் பதில் எழுதும் இடத்தைத் திறந்து வைத்துக்கொண்டாள்.

பெட்டியில் புழுக்கமாக இருந்தது. அவன் எழுந்து, சட்டைக்கு மேல் போட்டிருந்த மெல்லிய ஜாக்கெட்டைக் கழற்றினான். ஒருமுறை உதறினான். அந்தச் சத்தத்தில் அவள் நிமிர்ந்து பார்த்தாள். அத்தனை விடியல்களில் காதால் மட்டுமே கேட்டதை இப்போதுதான் கண்ணால் பார்க்கிறாள். அவன் முனையோடு முனை சேர்த்தான். சுருக்கத்தை உள்ளங்கையால் நீவினான். இன்னொரு மடிப்பு, இன்னொன்று. ராத்திரி மறுபடி விரிக்க வேண்டியதை மடிப்பதுபோல, நிதானமாக. மடித்ததை இருவருக்கும் நடுவில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவள் கையிலிருந்த போனின் வெளிச்சம் மங்கி அணையப் போனது. விரலால் தொட்டு அதை மறுபடி எரியவிட்டாள்.