பத்தொன்பதாவது அட்டை

என் நாத்தனாருக்கு அவள் அலுவலகத்தில் 'தராசு' என்று பெயர். வைத்தவர் என் கணவர்தான். தங்கையின் மேஜையில் இரண்டு மரத்தட்டுகளைப் பார்த்துவிட்டு, "காய்கறிக் கடையா வச்சிருக்க? கிலோ என்ன விலை?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். பெயர் ஒட்டிக்கொண்டது.

உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையில் அபாயங்களை எடைபோடுவது அவள் வேலை. ஒவ்வொரு சாவுக்கும் ஓர் அட்டை. பெயர் எழுதமாட்டார்கள், வயது, தொழில், எப்படி இறந்தார் என்பது மட்டும். தீவிரவாதிகளால் இறந்தவர்கள் இடது தட்டில். போதைக் கும்பல்களால் இறந்தவர்கள் வலது தட்டில். சுடப்பட்ட காவலரும், கையில் ஊசியோடு கழிப்பறையில் கிடந்த கல்லூரி மாணவியும் அங்கே ஒன்றுதான். ஒரு கட்டுப்பாடும் உண்டு. சொந்த வீட்டுச் சாவை அந்த வீட்டு ஆளே எழுதக் கூடாது.

ரயில் நிலையத்தில் குண்டு வெடித்தபோது என் கணவர் அங்கே லிஃப்ட்டைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். அவரது கருவிப் பெட்டி மட்டும் கீறலில்லாமல் வீட்டுக்கு வந்தது.

மூன்றாவது வாரம் அரசாங்கம் ஒரு திட்டம் போட்டது. துறைமுகத்தில் சரக்குப் பெட்டிகளில் போதைப்பொருள் தேடும் பன்னிரண்டு பேரையும், மோப்ப நாய்களையும் அங்கிருந்து எடுத்து ரயில் நிலையங்களில் நிறுத்துவது. அதற்கு நாத்தனாரின் அறிக்கை வேண்டும். "நீங்களே பறிகொடுத்தவங்க. நீங்க எழுதினா ஒருத்தரும் எதிர்த்துப் பேச மாட்டாங்க" என்றாராம் மேலதிகாரி.

நான் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவள். அவள் எழுதும் எதுவும் என் சிவப்புப் பேனாவைத் தாண்டாமல் போகாது. ஞாயிறு மதியம் அறிக்கையைக் கொண்டுவந்து தந்தாள். நான் எப்போதும் முடிவைத்தான் முதலில் படிப்பேன். நாலாம் பக்கத்தில் இருந்தது: துறைமுகக் காவலைக் குறைக்கக் கூடாது.

பேனாவை மூடினேன். "உன் அண்ணன் செத்த இடத்துக்குக் காவல் வேண்டாம்னு எழுதியிருக்க."

"வேணும்னுதான் எழுதியிருக்கேன் அண்ணி. புது ஆளுங்களப் போடுங்க, துறைமுகத்துல கை வைக்காதீங்கன்னு."

"புது ஆளுங்க பயிற்சி முடிச்சு வர ஆறு வாரம் ஆகும். அதுவரைக்கும்?"

அவள் செம்பை எடுத்தாள். தண்ணீர் குடித்தாள்.

"குண்டு வைக்கிறவனுக்கு ஊரே தன்னைப் பாக்கணும். அதனால ஊரே அவனைத் தேடுது. போதைக் கும்பலுக்கு யார் கண்ணுலயும் படக்கூடாது. போன வருஷம் ரெண்டு சுங்க அதிகாரிங்கள வாங்கிட்டாங்க, ஒரு நீதிபதிய மிரட்டினாங்க. பேப்பர்ல எட்டாம் பக்கத்துல வந்துது. வலது தட்டுல நானூத்திப் பன்னெண்டு அட்டை இருக்கு அண்ணி. இடதுல முப்பது."

"அப்போ குண்டு சின்ன விஷயம், அப்படித்தானே?"

"அப்படிச் சொன்னா என் நாக்கு அழுகிடும்."

கோபத்தோடுதான் முதல் பக்கத்திலிருந்து படித்தேன். இரண்டாம் பக்க அட்டவணையில் கை நின்றது. ரயில் நிலையத்தில் இறந்தவர்கள் பதினெட்டு.

"பத்தொன்பது இல்ல?"

தாளைப் பிடுங்கினாள். உதடு அசைய எண்ணினாள். விடுபட்டது அண்ணனின் அட்டை. அவள் எழுதக் கூடாது. அவளிடம் போய் அண்ணனின் வயதைக் கேட்க மற்றவர்களுக்கு மனம் வரவில்லை. அவர் எழுதியிருப்பார், இவர் எழுதியிருப்பார் என்று விட்டுவிட்டார்கள். மூன்று வாரமாக அவர் எந்தத் தட்டிலும் இல்லை.

பையிலிருந்து ஒரு வெற்று அட்டையை எடுத்து என் பக்கம் தள்ளினாள்.

"நானும் சொந்த வீடுதானே?" என்றேன்.

"நீங்க எங்க ஆபீஸ்ல சம்பளம் வாங்கலையே."

எழுதினேன். வயது நாற்பத்து மூன்று. லிஃப்ட் மெக்கானிக். ரயில் நிலையக் குண்டு. அவ்வளவுதான். அட்டையில் பாதி இடம் மிச்சமிருந்தது.

அழுது முடித்துவிட்டுக் கேட்டாள்: "முடிவ மாத்தணுமா அண்ணி?"

"ரெண்டாம் பக்கத்த மாத்து. நாலாம் பக்கம் அப்படியே இருக்கட்டும்."

அறிக்கை மீதான கூட்டத்தில், கணவரைப் பறிகொடுத்தவள் என்று என்னை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். அமைச்சர் அவளிடம், "உங்க சொந்த அண்ணன்மா! எப்படி மனசு வந்துது?" என்று கேட்டார்.

"பத்தொன்பது அட்டையும் தட்டுல இருக்குங்கய்யா, எங்க அண்ணனோடதும் சேர்த்து. குண்டு வைக்கிறவங்க அரசாங்கத்த உடைக்கப் பாக்கறாங்க. போதைக் கும்பல்காரங்க விலைக்கு வாங்கப் பாக்கறாங்க. உடைஞ்சா சத்தம் கேக்கும், நாம ஓடிப்போவோம். வித்துப்போனா நமக்குத் தெரியவே தெரியாது."

குரல் ஓரிடத்திலும் பிசிறவில்லை. கீழே, மேஜைக்கடியில் அவள் முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டிருந்ததை முன்வரிசையில் இருந்த நான் மட்டும் பார்த்தேன்.

பன்னிரண்டு பேரும் துறைமுகத்திலேயே இருந்தார்கள். உறவுக்காரர்கள் அவளைக் கல்நெஞ்சக்காரி என்றார்கள். என்னிடம் சொன்னவர்களுக்கு நான் காபிகூடக் கொடுக்கவில்லை.

என் அச்சகத்துக்கு அந்த ரயில் நிலையத்தைவிட்டால் வேறு வழி கிடையாது. அவள் அலுவலகம் இருப்பதோ நேர் எதிர்த் திசையில். அலுவலக வேன் அவள் வீட்டு வாசலுக்கே வரும். புது ஆட்கள் பயிற்சியில் இருந்த அந்த ஆறு வாரமும் அவள் வேனில் ஏறவில்லை. தினமும் காலையில் காவலில்லாத அந்த நிலைய வாசலில் என்னை நிறுத்திவிட்டு, முதலில் தான் உள்ளே போவாள். பலகை அடித்து மூடியிருந்த லிஃப்ட்டைத் தாண்டி நடைமேடை வரை நடந்து, திரும்பி நின்று கை காட்டுவாள்.

"உனக்கு ஆபீஸுக்கு நேரமாகலையா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எழுதினவ நான்தானே அண்ணி. வாங்க, வண்டி வந்துடும்."