தவமணியின் கையில் இலைப்பை

1.

இந்தக் கதை எனக்கு ஸ்காபரோவில், வீதியோரத்தில், குப்பையோடு குப்பையாகக் கிடைத்தது. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர். வீட்டுக்காரர்கள் கூட்டி அள்ளிக் கட்டி வைத்த இலைப்பைகளை ஒருவர் தன் பழைய வானுக்குள் ஏற்றிக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்த்தாலே நம்மவர் என்று தெரிந்தது. "என்னண்ணை செய்யப்போறியள் உதை?" என்று கேட்டேன். "தாழ்க்கத்தான் தம்பி," என்றார், இதுகூடத் தெரியாதா என்பதுபோல.

(யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் குழை தாழ்ப்பார்கள். கான் என்கிற நீளக் குழி வெட்டி, இலைகுழையைப் பரப்பி, மண்ணால் மூடிவிடுவது. அதன்மேல் மிளகாயும் கத்தரியும் வைத்தால் காய்த்துக் கொட்டும். பூவரசங்குழைக்கு அது சரி. கனடாவில் நிற்கிற மரமெல்லாம் பூவரசு இல்லை, சிலதன் இலை பயிரையே கொல்லும். மர்மம் வைத்து எழுத எனக்கு வராது, அதனால் இப்போதே சொல்லிவிட்டேன்.)

2.

முதல் தொடக்கம்: "தவமணி யன்னலருகே நின்று மேப்பிள் இலைகள் உதிர்வதை..." வெட்டிவிட்டேன். யன்னலருகே பெண்களை நிறுத்திவைத்து நான் எழுதியது போதும்.

இரண்டாவது: "அருள்நாயகம் மண்ணை நேசித்தவர். அவருடைய..." இதுவும் வேண்டாம். மண்ணை நேசிக்காதவரைப் பற்றி யார்தான் கதை எழுதியிருக்கிறார்கள்?

மூன்றாவது நிற்கட்டும். 1996, இலையுதிர்காலம். வரப்போகிற குளிருக்காகத் தவமணி யன்னலுக்குப் பிளாஸ்ரிக் ஒட்டிக்கொண்டிருந்தாள். ஸ்ரௌவ்வில் என்ற ஊருக்கும் அப்பால், வாடகைக்கு எடுத்த பழைய பண்ணைவீடு, இடுக்கெல்லாம் காற்று. சட்டத்தைச் சுற்றி இருபக்கமும் ஒட்டுகிற ரேப்பை ஒட்டி, பிளாஸ்ரிக்கை விரித்து, தலைமயிர் காயவைக்கும் மெசினால் சூடு காட்டினால் அது மேளத்தோல்போல இறுகும். பிறகு சித்திரை வரைக்கும் யன்னலைத் திறக்க முடியாது. கறிவேப்பிலைச் சாடியை உள்ளே கொண்டுவந்தாயிற்று. தண்ணீர்க் குழாயைச் சுருட்டியாயிற்று. வெளியே அவள் கணவர் அருள்நாயகம் கான் வெட்டினார். பன்னிரண்டு வயது மகள் நிலாணி இலை வாரினாள்.

போன வருசம் இதே காலத்தில் ஸ்காபரோ அப்பார்ட்மென்றை விட்டு வரும்போது அவர் வாக்குக் கொடுத்திருந்தார். "ரெண்டு சமர் பாப்பம், தவம். மிளகாய் வரேல்லையெண்டால் திரும்பிப் போவம்."

வந்த உடனேயே அவர் இலை தாழ்த்தார். முதல் சமரில், அதாவது அடுத்து வந்த கோடையில், பயற்றைக் கொடி வேலியெல்லாம் ஏறியது. மிளகாயும் கத்தரியும் முழங்கால் உயரத்தில் மஞ்சளாகி விழுந்தன. குளிர் மண் என்றார் அவர். உண்மையான காரணம் அந்த வீட்டில் தவமணிக்கு மட்டும் தெரியும். அதே வருசம் புரட்டாதியில் பக்கத்துக் காணிக் கிழவி டோரதி வேலியால் எட்டிப் பார்த்து, மண்ணுக்குள் என்ன போட்டீர்கள் என்று கேட்டாள். உன் மரத்து இலையும் காயின் கோதும்தான் என்றாள் தவமணி. டோரதி தலையில் கைவைத்தாள். அது கறுப்பு வால்நட் மரம். மிளகாய், கத்தரி, தக்காளிக்கெல்லாம் நஞ்சு. உடனே உன் கணவனிடம் சொல் என்றாள்.*

தவமணி நன்றி சொன்னாள். கணவரிடம் சொல்லவில்லை.

* நஞ்சு உண்மையில் மண்ணுக்குள் அவ்வளவு காலம் நிற்குமா என்று தோட்டம் தெரிந்த இரண்டு பேரைக் கேட்டேன். ஒருவர் நிற்கும் என்றார். மற்றவர், உக்கினால் போய்விடும் என்றார். கதைக்கு முதலாமவர் வசதியாக இருந்தார்.

3.

இவ்வளவும் எழுதியபின் எனக்குத் தவமணிமேல் கோபம் வந்தது. ஒரு மனுசனின் உழைப்பு வீணாகப் போவதைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாளே! அவளை இன்னும் கொஞ்சம் கெட்டவளாக்கி ஒரு பந்தி எழுதினேன். என் மனைவி வேரோனிக்கா வாசித்துவிட்டுத் தாளை மேசையில் போட்டாள்.

"அங்கை பஸ் ஓடுதோ?"

"எங்கை?"

"உங்கடை தவமணி இருக்கிற இடத்திலை."

"இல்லை."

"அவவுக்குக் கார் ஓடத் தெரியுமோ?"

"அதை நான் யோசிக்கேல்லை."

"அதையெல்லோ முதல் யோசிச்சிருக்கோணும்! புருசன் வேலைக்கு, பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு. பின்னேரம் வரைக்கும் அவ ஆரோடை கதைக்கிறது, கத்தரிக்காயோடையோ? அதுவும் பட்டுப்போச்சு."

பந்தியை எடுத்துவிட்டேன். பதிலுக்கு இதைச் சேர்த்தேன்: ஸ்காபரோவில் கதவைத் திறந்தால் அக்கா வீடு. இங்கே, போன மாசியில், பிழையான நம்பருக்கு அடித்த ஒரு வெள்ளைக்காரக் குரலைத் தவமணி போனை வைக்கவிடாமல் கதைத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு என்ன சமைத்தாள் என்றுகூடச் சொன்னாள். வைத்தபிறகு அழுதாள்.

4.

தேத்தண்ணியோடு தவமணி காணிக்குள் இறங்கினாள். மிளகாய் வைக்கப்போகிற கடைசிக் கானுக்கு ஒரே ஒரு பை மிச்சம். டோரதியின் மரத்தடியில் வாரியது. அழுகிய கோது முழுக்க அதற்குள்தான். அருள்நாயகத்தின் உள்ளங்கை இரண்டும் அதனால் கறுத்திருந்தன. எந்தச் சவர்க்காரத்துக்கும் அது போகாது.

"அப்பா, யுவர் ஹான்ட்ஸ் ஆர் சோ க்றோஸ்," என்று முகத்தைச் சுளித்தாள் நிலாணி.

"உது உழைச்ச கை பிள்ளை," என்று சிரித்தார். சிரித்த வாக்கில் கையைத் திருப்பிப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"தவம், நான் ஊண்டினது ஊரிலை ஒருக்காலும் பட்டுப்போனதில்லை. கைராசிக்காரன் எண்டு அயலட்டை வந்து கூப்பிடும். அந்த ராசி கடல் தாண்டேக்கை எங்கையோ விழுந்துபோச்சுப் போலை." மண்வெட்டியைச் சாத்தினார். "இந்த முறையும் வராட்டி இனி நான் மண்ணைத் தொடன். உம்மடை அக்கா வீட்டுப் பக்கமாப் போவம். சொன்னது சொன்னதுதான். உந்தப் பையை இஞ்சாலை தாரும்."

'போவம்' என்ற சொல்லுக்காகத்தான் தவமணி ஒரு வருசமாகக் காத்திருந்தாள். அதோடு சேர்த்து அவர் தன் கையையும் வீசிவிடுவார் என்று அவள் நினைக்கவே இல்லை. பையைத் தூக்கிவிட்டாள். கொடுக்கவில்லை.

5.

முடிவு ஒன்று. சொல்லிவிடுகிறாள். அடுத்த சமரில் மிளகாய் காய்த்துக் கொட்டுகிறது, அவருடைய கை அவருக்குத் திரும்பக் கிடைக்கிறது. தவமணி மூன்றாம் முறையாக யன்னலுக்குப் பிளாஸ்ரிக் ஒட்டுகிறாள்.

முடிவு இரண்டு. சொல்லவில்லை. ஸ்காபரோவில் ஒன்பதாம் மாடி. பள்ளிக்கூடத்திலிருந்து நிலாணி ஒரு மிளகாய்க் கன்று கொண்டுவருகிறாள். "நீயே வை பிள்ளை, என்ரை கை படவேண்டாம்," என்கிறார் அப்பா. அதற்குமேல் அன்று என்னால் எழுத முடியவில்லை.

முடிவு மூன்று. டோரதி நேரே வந்து அவரிடமே... (வேரோனிக்கா: "உது நீங்கள் தப்புறதுக்கு எழுதினது." அடித்துவிட்டேன்.)

"உண்மையையும் சொல்லி, எனக்கு இஞ்சை இருக்க ஏலாதெண்டும் சொல்லட்டுமே," என்றாள் வேரோனிக்கா. சொல்லலாம். ஆனால் "உமக்கு எப்ப தொடக்கம் தெரியும்?" என்று அவர் கேட்பார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. தவமணியிடம் இருக்கிறது, அதுதான் அவளுக்குப் பயம்.

ஆகவே நான் நகர்ந்துகொள்கிறேன். அவர் கையை நீட்டியபடி நிற்கிறார். தேத்தண்ணி ஆறுகிறது. "இஞ்சேருங்கோ," என்று தவமணி வாய் திறந்துவிட்டாள். அதுவரைதான் எனக்குக் கேட்டது. பையை இனி, வாசிக்கிற நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். கோது நனைந்திருக்கிறது, பார்த்துப் பிடியுங்கள். அவரிடம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் கையில் கறுப்புப் பிடிக்கும்.