முதலில் விதைத்தது யார்

“எனக்கு முன்னாடி விதைச்சியா, இல்லையா? அத மட்டும் சொல்லு.”

“இல்லக்கா. நீங்க விதைச்சு முடிச்சப்புறந்தான் நான் மண்வெட்டியவே தொட்டேன்.”

“அப்போ இந்த வெள்ளைப் புள்ளியெல்லாம் வானத்துலேருந்து கொட்டுச்சா?”

கேட்டவள் மூத்த மனைவி அகெயோ. முற்றத்துப் புழுதியில் முழங்காலிட்டிருந்தவள் இளையவள் அபோண்டி. அவர்களின் கணவன் ஓகெல்லோ, அபோண்டிக்குக் கிசுமு நகரில் எடுத்த மார்புப் படத்தை வெயிலில் தூக்கிப் பிடித்திருந்தான். இடது மார்பில் உப்பைத் தூவியதுபோல் ஒரு கொத்து. மூத்தவள் சோளம் ஊன்றுமுன் இளையவள் ஊன்றினால் ‘சிரா’ என்னும் சாபம் பிடிக்கும். உடம்பு உருகிச் சாவாள், பிள்ளைகளும் பின்னாலேயே போகும். ஊரில் இதை யாரும் சந்தேகித்ததில்லை.

“நோய்னு நர்ஸ் சொல்லவே இல்லீங்க,” என்றாள் அபோண்டி கணவனிடம். “படத்துல ஏதோ வித்தியாசமா தெரியுதாம். நிறைய பேருக்கு ஒண்ணுமில்லாமப் போயிடுமாம். ஊசி விட்டு துளி சதை எடுத்துப் பார்த்தாத்தான் தெரியுமாம். வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க. கெட்டதாவே இருந்தாலும் இப்பவே பார்த்தா பொழைக்க வழியிருக்காம்.”

“ஊசி குத்துறவன் சிராவக் கழுவுவானா? வைத்தியர் முன்னாடி ஒத்துக்கிட்டு மூலிகை குடிக்கணும். ஒத்துக்கோடி!” என்றான் ஓகெல்லோ.

மாட்டுக்கோல் முதுகில் இறங்கியது. அகெயோ அவள் தோள்களை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். சட்டை கிழிந்து, தோலும் கிழிந்தது. ஓகெல்லோ படத்தை மீன் வெந்துகொண்டிருந்த அடுப்பில் எறிந்தான். அதைப் பிடிக்க நீண்ட அபோண்டியின் கைமேல் கோல் விழுந்தது. விரல் முறிந்த சத்தம் மூவருக்கும் கேட்டது.

“முன்னாடி விதைச்சேன்னு சொல்லு!”

“சொல்ல மாட்டேன்.” வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினாள். “வியாழக்கிழமை நான் போவேன். கொன்னுட்டீங்கன்னா பொணத்தையாவது தூக்கிட்டுப் போங்க. ஊசி குத்திப் பார்க்கட்டும்.”

அவன் மறுபடி ஓங்கினான். அவள் குனியவில்லை. பிள்ளைகள் வீரிட்டு அழுதார்கள். கோலை வீசிவிட்டு, வைத்தியரை அழைத்துவரப் போனான்.

அகெயோ தண்ணீரோடு வந்தாள். அபோண்டி பதறிப் பின்வாங்கினாள்.

“அடிக்க வரலடி.” அகெயோ வாசலைப் பார்த்துவிட்டு, அவளுடைய முறியாத கையைப் பற்றித் தன் சட்டைக்குள் வைத்தாள். மார்பின் அடியில் கூழாங்கல் போல ஒன்று, அசையாமல்.

“ரொம்ப நாளா இருக்கு. எப்பவும் முறைப்படி முதல்ல விதைக்கிறவ நானு. எனக்கு எப்படிடி இது வந்துச்சு?”

அபோண்டி கையை எடுத்துக்கொண்டாள். முதுகில் வழிந்த ரத்தத்தை அகெயோ துடைக்கத் தொடங்கினாள்.

“வியாழக்கிழமை,” என்றாள், “என்னையும் கூட்டிட்டுப் போறியா?”